கடல் மீனுக்கும் நோய் வருமா?



மைசூரில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் கடலோர ஊர்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. இங்கே கடல் இல்லை. மீன் வண்டி பெரும்பாலும் மங்களூரிலிருந்து மடிக்கேரி வழியாக ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தாண்டி வருகிறது. கடைக்காரர் 'பங்குடே' என்பது நம் அயிலை (கானாங்கெளுத்தி). 'பூத்தாய்' என்பது மத்தி. 'அஞ்சல்' நம் வஞ்சிரம். 'காணே' நம் கிழங்கான். பெயர் மாறினாலும் குழம்பின் ருசி மாறவில்லை.

ஆனால் அவ்வப்போது ஒரு செய்தி வருகிறது. எங்கோ ஒரு கரையில் மீன்கள் செத்து ஒதுங்கின என்று பத்திரிகையில் படம் வெளியாகிறது. உடனே வீட்டில் பேச்சு கிளம்புகிறது: "மீனுக்கு ஏதோ வியாதியாம், இந்த மாதம் மீனே வேண்டாம்." பிள்ளைகள் கேட்கிறார்கள்: "உப்புத் தண்ணீரில் கிருமி எப்படி இருக்கும்? கடல் மீனுக்கும் காய்ச்சல் வருமா?" நல்ல கேள்விகள். இந்தக் கட்டுரையில் அவற்றுக்கு விடை காண்போம்.

கடல் நீரில் இருப்பவை

உப்புப் போட்டால் ஊறுகாய் கெடாது என்பதைக் கண்டவர்கள் நாம். ஆகவே உப்பு நிறைந்த கடலில் கிருமிகளே இரா என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. கடல் நீரின் ஒவ்வொரு துளியிலும் பாக்டீரியாக்கள் ஆயிரக்கணக்கில் வாழ்கின்றன. ஊறுகாயின் உப்பு வேறு, கடலின் உப்பு வேறு. கடல் நீரில் நூற்றுக்கு மூன்றரைப் பங்கு உப்புதான் இருக்கிறது. பல பாக்டீரியாக்களுக்கு அந்த அளவு உப்பு தேவையும்கூட. நல்ல தண்ணீரில் போட்டால் அவை மடிந்துவிடும்.

இவற்றுள் 'விப்ரியோ' என்னும் குடும்பத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும. நுண்ணோக்கியில் பார்த்தால் காற்புள்ளி போல் சற்று வளைந்திருக்கும். 1884 ஆம் ஆண்டில் ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ந்து உலகுக்கு அறிவித்த காலராக் கிருமியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் குடும்பத்தில் ஒருவன் கெட்டவன் என்றால் எல்லோரும் கெட்டவர்கள் என்று ஆகிவிடாது.

அதற்கு நம் காரல் மீனே சாட்சி. காரப்பொடி என்று கருவாடாகவும் நாம் உண்ணும் அந்தச் சிறு வெள்ளி மீனின் தொண்டைக் குழாயைச் சுற்றி ஒரு சிறு உறுப்பு உண்டு. அதில் 'போட்டோபாக்டீரியம்' என்னும் பாக்டீரியாக்கள் குடியிருந்து ஒளி வீசுகின்றன. இதுவும் விப்ரியோவின் சொந்தக் குடும்பமே. மீன் இடமும் உணவும் தருகிறது, பாக்டீரியா வெளிச்சம் தருகிறது. இதே போட்டோபாக்டீரியம் இனத்தின் இன்னொரு வகை வேறு மீன்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்லக்கூடியது. அதைப் பின்னால் பார்ப்போம்.

ஆகவே முதல் பாடம் இது: பாக்டீரியா இருப்பதாலேயே நோய் வருவதில்லை. அவை மீனின் தோலிலும் செவுளிலும் குடலிலும் எப்போதும் இருக்கின்றன. ஏதோ ஒன்று நிலைமையைக் கெடுக்கும்போதுதான் நோய் வருகிறது.

நோய் எப்படி நுழைகிறது?

மீனைக் கையில் பிடித்தால் வழுக்குகிறதல்லவா? அந்த வழவழப்பான படலம் மீனின் கவசம். கிருமிகள் ஒட்டாதபடி அது தடுக்கிறது. அதில் கிருமிகளை அழிக்கும் பொருள்களும் உள்ளன. படலம் கிழிந்தால் வாசல் திறந்தது போலாகும்.

கிழிப்பவை பல. வலையில் சிக்கித் தப்பிய மீனுக்குச் செதில் உதிர்ந்திருக்கும். பெரிய மீன் கடித்த காயம் இருக்கும். செவுளில் மூட்டைப்பூச்சி போன்ற ஓர் ஒட்டுண்ணி உட்கார்ந்து இரத்தம் குடிப்பதுண்டு. மீன் அரியும் தாய்மார்கள் இதைப் பார்த்திருப்பார்கள். பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மைய ஆய்வாளர்கள் இந்த ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பல ஆய்வுகள் செய்திருக்கிறார்கள். ஒட்டுண்ணி கடித்த புண் வழியே பாக்டீரியா உள்ளே போகிறது.

இரண்டாவது காரணம் வெப்பம். நீர் சூடானால் விப்ரியோக்கள் வேகமாகப் பெருகும். அதே வேளையில் சூடான நீரில் கரைந்துள்ள பிராணவாயு குறையும். மீன் சோர்வடையும். எதிரி பலம் பெறும்போது நம் ஆள் பலவீனப்படுவது போன்ற நிலை.

மூன்றாவது காரணம் அழுக்கு. சாக்கடை நீர் கடலில் கலக்கும் இடங்களில் பாக்டீரியாவுக்கு உணவு கிடைக்கிறது. புதிய கிருமிகளும் வந்து சேர்கின்றன.

இவை மூன்றும் சேர்ந்தால் நோய் மூளும். மீன் கூட்டமாக நீந்தும் இனமாக இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவுவது எளிது.

வரலாற்றில் சில நிகழ்ச்சிகள்

மீன் நோய்க்குக் காரணமான பாக்டீரியாவை விஞ்ஞானிகள் தொடக்க காலத்திலேயே விலாங்கு மீன்களில் அறிந்தார்கள். இத்தாலியில் விலாங்குகள் உடல் சிவந்து மடிந்ததைப் பற்றி 1893 இல் கனெஸ்ட்ரினி என்பவர் எழுதினார். 1909 இல் பால்டிக் கடற்பகுதி விலாங்குகளின் அதே 'செந்நோயை' ஆராய்ந்த பெர்க்மன், அந்தக் கிருமிக்கு 'விப்ரியோ அங்குயில்லாரம்' என்று பெயரிட்டார். அங்குயில்லா என்றால் இலத்தீனில் விலாங்கு. பிற்காலத்தில் இதே கிருமி ஏராளமான கடல் மீன் இனங்களில் காணப்பட்டது.

1963 ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் பெர்ச் வகை மீன்கள் பெருவாரியாக மாண்டன. பிரித்தறிந்த கிருமி, நான் முன்னே சொன்ன போட்டோபாக்டீரியம் குடும்பத்தைச் சேர்ந்தது. நோய் முற்றிய மீனின் மண்ணீரலில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் காணப்படும். அதே விரிகுடாவில் 1997 இல் வேறொரு நோய் தெரியவந்தது. இது காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒன்றால் வருவது. மெல்ல மெல்ல மீனை மெலியவைத்துத் தோலில் புண் உண்டாக்குகிறது.

நம்மவர்கள் நிறையப் பேர் வேலை செய்யும் குவைத்தில் 2001 ஆம் ஆண்டு நடந்ததுதான் மிகப் பெரிய பாடம். ஆகஸ்ட் மாதம், கடும் வெப்பம், காற்றும் அலையும் அடங்கிய நேரம். குவைத் விரிகுடாவில் கூண்டுகளில் வளர்த்த மீன்களில் சில முதலில் மடிந்தன. பின்னர் கடலில் தாமாகத் திரியும் மடவை மீன்கள் சாகத் தொடங்கின. செத்து ஒதுங்கியவை 2,500 டன்னுக்கு மேல். பத்து டன் ஏற்றும் லாரி என்றால் 250 லாரிகள்! ஆராய்ந்தபோது கிடைத்த கிருமி 'ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே'. மாடு வளர்ப்பவர்கள் அறிந்த மடிநோய்க்கும் இதே இனம் ஒரு காரணம். மனிதரில் பிறந்த குழந்தைகளைத் தாக்குவதும் உண்டு. விரிகுடாவில் கலந்த கழிவுநீரும், அவ்வாண்டின் மிகுந்த வெப்பமும், அசையாத நீரும் சேர்ந்து நிலைமையைக் கெடுத்தன என்பது ஆய்வாளர்கள் கண்ட முடிவு. கிருமி மட்டும் குற்றவாளி அன்று.

செத்த மீனெல்லாம் நோயால் செத்ததா?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பரில் மன்னார் வளைகுடாவில், பாம்பன் குந்துகால் பக்கம் கடல் நீர் பச்சையாக மாறியது. மீன்கள் செத்து ஒதுங்கின. மக்கள் பயந்தார்கள். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் நீரை எடுத்துப் பார்த்தார்கள். 'நாக்டிலூகா' என்னும் நுண்ணுயிர் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. இது பாக்டீரியா அன்று, நோயும் அன்று. அது பெருகி மடிந்ததில் நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன்கள் மூச்சுத் திணறி இறந்தன.

இன்னொரு சம்பவம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கலாம். இலங்கையில் 1987 இலும், இந்தியாவின் வடகிழக்கில் 1988 இலும் தோன்றி, பிறகு தென்னாட்டுக்கும் பரவிய மீன் புண் நோய். விரால் போன்ற நன்னீர் மீன்களும் கழிமுக மீன்களும் உடலெங்கும் குழிப்புண்ணுடன் மிதந்தன. மக்கள் அஞ்சி மீனையே ஒதுக்கியதால் மீனவர் வயிற்றில் அடி விழுந்தது. புண்ணில் பாக்டீரியாக்கள் நிறைய இருந்ததால் முதலில் சந்தேகம் அவற்றின் மேல் விழுந்தது. ஆனால் மூல காரணம் பூஞ்சை போன்ற 'அஃபனோமைசஸ்' என்னும் உயிர் என்று பின்னர் உறுதியாயிற்று. பாக்டீரியாக்கள் திறந்த வீட்டில் பின்னால் நுழைந்தவை. எனவே ஆராய்ச்சி முடிவு வருமுன் நாம் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

கடலில் நோயுற்ற மீனை நாம் அதிகம் காணாததற்கும் காரணம் உண்டு. சோர்ந்த மீன் கூட்டத்தை விட்டுப் பின்தங்கும். பின்தங்கியதைப் பெரிய மீன் விழுங்கிவிடும், அல்லது அது செத்து அடியில் ஆழ்ந்துவிடும். குவைத்தில் போலப் பெருவாரியாகச் செத்தால்தான் நம் கண்ணில் படுகிறது.

நம் பக்கத்து ஊர் ஆராய்ச்சி

நமக்கு மீன் அனுப்பும் மங்களூரில்தான் நாட்டின் முதல் மீன்வளக் கல்லூரி 1969 இல் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய இட்யா கருணாசாகர், இந்திராணி கருணாசாகர் தம்பதியர் மீன் நோய்க் கிருமிகளைப் பற்றிய ஆராய்ச்சிக்கு உலக அளவில் பெயர் பெற்றவர்கள். 1994 இல் வெளியான அவர்களது ஆய்வு ஒன்று நாம் எல்லோரும் கவனிக்க வேண்டியது. இறால் குஞ்சுகள் பொரிப்பகத்தில் பெருமளவில் மடிந்தன. காரணம் 'விப்ரியோ ஹார்வியி' என்னும் இருளில் ஒளிரும் கடல் பாக்டீரியா. அதை ஒழிக்க மருந்து கொடுத்தால் கேட்கவில்லை. பல ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கும் அது எதிர்ப்பு சக்தி பெற்றிருந்தது.

பண்ணையிலாவது தீவனத்தில் மருந்து கலக்கலாம், தொட்டி நீரை மாற்றலாம். திறந்த கடலில் யார் மருந்து கொடுப்பது? மத்திக் கூட்டத்துக்கு ஊசி போட முடியுமா? கடலில் நோய் வந்தபின் வைத்தியம் இல்லை. வராமல் காப்பது ஒன்றே வழி.

நமக்குத் தொற்றுமா?

மீனுக்கு வரும் பெரும்பாலான நோய்கள் மனிதரைத் தொடுவதில்லை. மீனின் உடல், தான் வாழும் நீரின் சூட்டிலேயே இருப்பது. நம் உடலோ 37 டிகிரியில் இருக்கிறது. பல மீன் கிருமிகளுக்கு இந்தச் சூடு ஒத்துவராது. ஆயினும் சில விலக்குகள் உண்டு.

முதலாவது, 'விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ்'. 1950 இல் ஜப்பானின் ஒசாகா பகுதியில் அரைகுறையாக உலர்த்திய சிறு மத்திக் குஞ்சுகளைத் தின்றவர்களில் 272 பேர் நோயுற்று 20 பேர் இறந்தனர். புஜினோ என்னும் அறிஞர் இந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். நம் மைசூரில் செலுவாம்பா மாளிகையில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டதும் அதே ஆண்டில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. உணவு கெடாமல் காப்பது அன்றே உலகெங்கும் பெரிய கவலையாக இருந்தது. 1996 இல் கல்கத்தாவில் இக்கிருமியின் புதிய வகை ஒன்று தோன்றிப் பல நாடுகளுக்குப் பரவியது. கடலில் இருக்கும் எல்லா வகையும் நோய் தருவதில்லை, சில வகைகளே ஆபத்தானவை. நன்றாகக் கொதித்த குழம்பில் எதுவும் பிழைக்காது. ஆபத்து அரிவாள்மனையிலும் பலகையிலும் இருக்கிறது. மீன் நறுக்கிய பலகையிலேயே வெங்காயமும் வெள்ளரியும் நறுக்கிப் பச்சையாகத் தின்றால் கிருமி நேரே வயிற்றுக்குப் போகும்.

இரண்டாவது, மீன் காசநோய் இனத்தைச் சேர்ந்த 'மைக்கோபாக்டீரியம் மெரினம்'. 1926 இல் அமெரிக்காவின் பிலடெல்பியா மீன் காட்சியகத்துக் கடல் மீன்களில் இதைக் கண்டறிந்தார்கள். மீன் முள் குத்திய இடத்தில் புகுந்து, ஆறாத சிறு கட்டியாக மாறும். இது குளிர்ந்த இடத்தையே விரும்புவதால் பெரும்பாலும் கையோடும் விரலோடும் நின்றுவிடும். முள் குத்திய புண் வாரக்கணக்கில் ஆறாவிட்டால், "மீன் முள் குத்தியது" என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை சரியான மருந்துக்கு வழிகாட்டும்.

மூன்றாவது, 'விப்ரியோ வல்னிஃபிகஸ்'. அரிதானது, ஆனால் கடுமையானது. கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் சர்க்கரை நோயாளிகளும் கையில் வெட்டுக்காயத்தோடு பச்சை மீனைக் கையாள வேண்டாம்.

நோய் வேறு, கெடுதல் வேறு

மைசூர் வரை பயணம் செய்து வரும் மீனில் நாம் அதிகம் அஞ்ச வேண்டியது கடலில் வந்த நோயை அன்று, செத்தபின் நடப்பதையே. அயிலை, மத்தி, சூரை ஆகிய மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் பொருள் மிகுதி. பனிக்கட்டி போதாமல் சூடேறினால், சில பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அந்த மீனைத் தின்ற சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலி வந்து, உடம்பில் தடிப்பு எழும். மீன் ஒவ்வாமை என்று நாம் நினைப்போம். கொதிக்க வைத்தாலும் கிருமிதான் சாகும். ஹிஸ்டமின் அழியாது. புளியும் மிளகாயும் அதை மாற்றா. ஆகவே இவ்வகை மீன்களைப் பனிக்கட்டிக்குள் புதைத்து வைத்திருக்கும் கடையில்தான் வாங்க வேண்டும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

• கண் தெளிவாகப் புடைத்திருக்க வேண்டும், செவுள் சிவந்திருக்க வேண்டும். சதையை அழுத்தினால் குழி நிற்காமல் மேலெழ வேண்டும்.

• குழிப்புண், துருத்தி நிற்கும் செதில், துடுப்பின் அடியில் இரத்தம் கட்டிய திட்டு இருந்தால் வாங்காமல் விடுங்கள். வலை உராய்ந்த புதுக்கீறல் வேறு. அதில் வீக்கமோ குழியோ இராது.

• அரியும்போது ஈரலிலோ மண்ணீரலிலோ வெள்ளை முடிச்சுகள் பரவியிருந்தால் அந்த மீனை விலக்கிவிடுங்கள்.

• வீட்டுக்கு வந்தவுடன் அரிந்து குளிர்ப்பெட்டியில் வையுங்கள். மீனுக்கென்று தனிப் பலகை இருக்கட்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

நாம் செய்ய வேண்டியது

கடலிலிருந்து இவ்வளவு தூரத்தில் இருக்கும் நமக்கும் கடல் மீனின் நலத்துக்கும் என்ன உறவு என்று கேட்கலாம். உறவு உண்டு. மைசூரின் கழிவுநீரில் ஒரு பகுதி கபினிக்குப் போகிறது. திருமகூடலு நரசிபுரத்தில் கபினி காவிரியில் கலக்கிறது. அணைகளும் வயல்களும் எடுத்துக்கொண்டது போக மிஞ்சும் காவிரி, பூம்புகாரில் கடலைச் சேர்கிறது. நம் பாட்டன்மார் மீன் பிடித்த அதே கடல்.

பாதி தின்று மீந்த ஆன்டிபயாடிக் மாத்திரைகளைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். மருத்துவர் சொன்ன நாள் வரை முழுமையாக உண்ணுங்கள். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் உருவாவதற்கு மீந்த மருந்தும் ஒரு காரணம். நம் பேட்டையில் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் ஓடையில் விட்டால் நகரசபைக்கு எழுதுங்கள். தனி ஒருவர் எழுதுவதைவிடத் தெருவார் சேர்ந்து கையெழுத்திட்டு எழுதினால் மதிப்பு அதிகம்.

பிள்ளைகளின் கேள்விக்கு இனி இப்படி விடை சொல்லலாம்: ஆம், கடல் மீனுக்கும் நோய் வரும். கிருமி என்றும் அங்கே இருக்கிறது. நீர் சூடாகி, அழுக்காகி, மீன் சோர்ந்து காயப்படும்போதுதான் அது வெல்கிறது. மீனைக் கண்டு பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. பார்த்து வாங்கி, சுத்தமாக அரிந்து, நன்றாகக் கொதிக்கவைத்து, குடும்பத்தோடு உண்ணலாம்.